ஜெப்ரி பாவாவின் நூற்றாண்டும் நமது வீடுகளும்

இலங்கையின் கீர்த்தி பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா பிறந்து 2019-ம் வருஷம் ஜூலை மாதம் 23-ந் தேதியோடு நூறு வருஷங்கள் பூர்த்தியாயின. அந்த நூற்றாண்டை இலங்கையார் கொண்டாடிய விதம் நமது கவனத்துக்கு உரியது. பெரியோர் ஒருவருக்கு நூற்றாண்டு வந்தால் நம் ஊர்களில் என்ன நடக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். பந்தல் போடுகிறோம். படத்துக்கு மாலை சூட்டுகிறோம். பிரமுகர்கள் பேசுகிறார்கள். தீர்மானம் ஒன்று ஏகமனதாக நிறைவேறுகிறது. மறுநாள் பந்தலைப் பிரிக்கும்போது பெரியோரின் நினைவையும் சேர்த்துப் பிரித்து விடுகிறோம். பாவாவின் அன்பர்கள் செய்தது வேறு. அவர் ஐம்பது வருஷ காலம் பாடுபட்டு அமைத்த கிராம வீட்டையும் தோட்டத்தையுமே விழாக்களமாக்கி, ஜனங்களை அங்கே அழைத்தார்கள். அவர் காரியாலயத்தில் சேர்ந்து கிடந்த வரைபடங்களை வெளியே எடுத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

சேலம், நாமக்கல் சீமையில் உள்ள நமக்கும் கடல் கடந்த இந்த மனிதருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட ஜனங்கள் எப்படிப்பட்ட கூரையின் கீழ் வாழ வேண்டும் என்ற கேள்விக்கு, பேச்சினால் அல்லாமல் செங்கல்லாலும் ஓட்டாலும் பதில் சொல்ல முயன்றவர் அவர். அந்தக் கேள்வி நமக்கும் உரியது. நாம் இன்னும் அதற்குப் பதில் சொன்னபாடில்லை. ஆகவே அவர் சரித்திரத்தைச் சற்று விரிவாகவே இங்கே கூற விரும்புகிறோம்.

ஜெப்ரி பாவா 1919-ம் வருஷம் கொழும்பில் செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் வில்லியம் பாவா பெயர் பெற்ற வழக்கறிஞர். அவருடைய உடலில் இலங்கை முஸ்லிம் ரத்தமும் ஆங்கில ரத்தமும் கலந்திருந்தன. தாய் பெர்த்தா ஷ்ரேடர் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்த அம்மையாரின் வம்சத்தில் ஜெர்மானியரும் ஸ்காத்லாந்தியரும் சிங்களவரும் இருந்தார்கள். இத்தனை இனங்கள் கூடிய குடும்பத்தில் பிறந்தவர், தாம் எந்தச் சாதியாரின் கட்டடக் கலைக்கு வாரிசு என்று பிற்காலத்தில் வழக்காடாமல் இருந்ததில் வியப்பில்லை. நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். பத்து வயது மூத்தவரான அண்ணன் பெவிஸ் பாவா, ரப்பர் தோட்டம் ஒன்றை அழகிய பூந்தோட்டமாக மாற்றிப் பேர் வாங்கியவர். மண்ணைத் திருத்தி அழகு காணும் ஆசை அந்தச் சகோதரர்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

ஆனால் குடும்ப வழக்கப்படி இளையவரை எதிர்நோக்கியிருந்தது கறுப்பு அங்கிதான். கொழும்பு ராயல் கல்லூரியில் படித்த பின் 1938-ல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே ஆங்கில இலக்கியமும் சட்டமும் கற்றார். லண்டன் மிடில் டெம்பிளில் சேர்ந்து 1944-ல் பாரிஸ்டரானார். யுத்தம் முடிந்ததும் தாய்நாடு திரும்பி, கொழும்பில் வழக்கறிஞர் காரியாலயம் ஒன்றில் அமர்ந்தார். அந்தத் தொழில் அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. 1946-ல் தாயாரும் காலமாகவே, கட்சிக்காரர்களையும் கட்டுக் காகிதங்களையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார்.

வக்கீல் தொழிலை உதறியவர்களைச் சேலம் நன்கு அறியும். 1900-ல் இவ்வூரில் தொழில் தொடங்கி முன்னணிக்கு வந்த ராஜாஜி, ஒத்துழையாமை இயக்கம் பிறந்ததும் அந்த வருமானத்தைத் துச்சமாக எண்ணி எறிந்ததும், பின்னர் 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் நிறுவிக் கதர் வளர்த்ததும் நம் ஜில்லாவின் பெருமைகள். பாவாவின் துறவு அத்தகையது என்று நாம் சொல்ல மாட்டோம். அவர் தேசத்துக்காகத் தொழிலை விட்டவரல்லர். சலிப்பினால் விட்டவர். கீழ்த்திசை நாடுகளுக்குப் போனார், அமெரிக்காவைக் குறுக்கே கடந்தார், ஐரோப்பாவை அடைந்தார். இருபத்தெட்டு வயதுக்குள் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு வெளிநாட்டில் கழிந்துவிட்டது. இத்தாலி தேசத்தில் ஒரு மாளிகையை வாங்கி அங்கேயே தங்கிவிடவும் நினைத்தார். அது கைகூடவில்லை. கைகூடியிருந்தால் இத்தாலிக்கு இன்னொரு சோம்பேறிப் பிரபு கிடைத்திருப்பார். இலங்கைக்கு அதன் சிற்பி கிடைத்திருக்க மாட்டார்.

1948-ல் அவர் திரும்பி வந்தார். அதே வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி இலங்கை சுதந்திரம் பெற்றது. கொழும்புக்குத் தெற்கே சுமார் நாற்பது மைலில் உள்ள பெந்தோட்டைக்கு அருகில், தெத்துவை ஏரிக்கரையில், கவனிப்பாரின்றிக் கிடந்த ரப்பர் தோட்டம் ஒன்றை விலைக்கு வாங்கினார். டச்சுக்காரர் காலத்தில் அங்கே இலவங்கப்பட்டை பயிரானது. ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர் வந்தது. நடுவே சாதாரணமான பங்களா ஒன்று இருந்தது. அந்த இடத்துக்கு லுனுகங்கை என்று பெயர். உப்பாறு என்பது அதன் பொருள். இத்தாலியில் கிடைக்காத மாளிகைத் தோட்டத்தை இலங்கைக் காட்டிலேயே உண்டாக்கிவிடலாம் என்பது அவர் முதலில் கொண்ட எண்ணம்.

எண்ணம் எளிது, வேலை கடினம். மேட்டைக் குறைக்க வேண்டும். சுவரை இடிக்க வேண்டும். நீர் ஓட வழி செய்ய வேண்டும். எது எதைத் தாங்கும், எது விழும் என்பது தெரிய வேண்டும். பாரிஸ்டருக்கு இவற்றில் ஒன்றும் தெரியவில்லை. நம் நாட்டுப் படித்தவர்கள் இத்தகைய சமயத்தில் என்ன செய்வார்கள்? தெரிந்தவன் ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, தாம் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்வார்கள். பாவா தாமே மாணாக்கரானார். 1951-ல், முப்பத்திரண்டாம் வயதில், கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்டு பெக் என்ற கட்டடக் கலைஞர் காரியாலயத்தில் ரீட் என்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். மறு வருஷமே ரீட் இறந்துவிட்டார். அதனாலும் மனந்தளராமல் இங்கிலாந்து சென்று, தம்மைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்களோடு லண்டன் கட்டடக் கலைச் சங்கப் பள்ளியில் பெஞ்சியில் உட்கார்ந்து படித்தார். 1957-ல் முழுத் தகுதியோடு தாய்நாடு திரும்பியபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. பட்டம் ஒன்று பெற்றதோடு கல்வி முடிந்தது என்று எண்ணும் நம் இளைஞர்கள் இந்த ஒரு செய்தியையாவது நினைவில் வைக்க வேண்டும்.

லுனுகங்கை வேலை இதற்கிடையே நிற்கவில்லை. அவர் இறக்கும் காலம் வரையில் அது நிற்கவேயில்லை. அங்கே அவர் செய்ததைக் கேட்டால், செய்ததைவிட நீக்கியதே அதிகம் என்று தோன்றும். பார்வையை மறைத்த மரங்களை நீக்கினார். மேட்டைச் செதுக்கினார். வீட்டு வாசலில் நின்றால் புல்வெளி மேடும், அதற்கு அப்பால் ஏரியும், ஏரிக்கு அப்பால் வெகு தூரத்தில் ஒரு பௌத்த ஆலயத்தின் வெண்ணிறத் தூபியும் ஒரே கோட்டில் தெரியும்படி செய்தார். மேட்டின் மீது ஒரு மரத்தடியில் பெரிய மண்சாடி ஒன்றை வைத்தார். கண் முதலில் சாடியில் நிற்கும். அங்கிருந்து ஏரிக்குத் தாவும். அதன்பின் தூபியில் போய்ப் படியும். ஊர்ப் பாதை ஒன்று அந்த நிலத்தின் குறுக்கே போயிற்று. அதை மூடி ஜனங்களைச் சுற்றிப் போகச் செய்யவில்லை. பாதை பள்ளத்தில் மறைந்து செல்ல, மேலே பாலம் அமைத்துக்கொண்டார். ஈழத்தலரி மரக் கிளைகளில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டு, வருஷக் கணக்கில் காத்திருந்து, அவற்றைத் தாம் நினைத்தபடி படரச் செய்தார். தோட்டத்துக்கு அவசரம் கூடாது என்பதை அறிந்தவர் அவர்.

இனி அவர் தொழிலைப் பார்ப்போம். அக்காலத்தில் இலங்கையில் வீடு கட்டுவோருக்கு இரண்டு மாதிரிகளே தெரிந்திருந்தன. ஒன்று, துரைமார் விட்டுச் சென்ற பங்களா. மற்றொன்று, மேல்நாட்டுப் புஸ்தகங்களைப் பார்த்துக் கட்டிய சிமெண்டுப் பெட்டி. முன்னது அந்தஸ்தைக் காட்டியது. பின்னது நாகரிகத்தைக் காட்டியது. வெயிலையும் மழையையும் பற்றி இரண்டாவது மாதிரிக்குக் கவலை இல்லை. குளிர் நாட்டில் வெளிச்சத்தை உள்ளே அழைக்கப் பிறந்த கண்ணாடிச் சுவரையும் தட்டைக் கூரையையும், வெயில் கொளுத்தி மழை கொட்டும் நாட்டில் வைத்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பவன் வேகிறான். மேலே கூரை ஒழுகுகிறது. பாவாவே ஆரம்பத்தில் கட்டிய வெள்ளைக் கட்டடங்களில் சில இந்தப் பாடத்தை அவருக்குக் கற்பித்தன.

1959-ல் டென்மார்க் தேசத்திலிருந்து உல்ரிக் பிளெஸ்னர் என்ற கட்டடக் கலைஞர் வந்து அவரோடு சேர்ந்தார். அவரும், ஓவியம் தெரிந்த பார்பரா சன்சோனி, இஸ்மத் ரஹீம், லக்கி சேனநாயக்க முதலிய நண்பர்களும் தீவு முழுவதும் திரிந்து பழைய வீடுகளையும் விகாரைகளையும் வழிநடைச் சத்திரங்களையும் பார்த்து, அளந்து, படம் வரைந்தார்கள். நாலு சுவருக்குள் முற்றம் எதற்காக? கூரை சுவரைத் தாண்டி ஏன் அத்தனை தூரம் இறங்குகிறது? வாசலுக்கு வெளியே நிழலான இடம் ஏன்? பழையவர்கள் விளையாட்டாக எதையும் செய்துவிடவில்லை என்பது அளந்து பார்த்தவர்களுக்கு விளங்கிற்று. முற்றத்தில் வெப்பக் காற்று மேலே எழும்பிப் போகிறது. தாழ்வாரத்துக் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. நீண்ட இறவாரம் சுவரை மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்கிறது. மின்சார விசிறி வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே நம் பெரியவர்கள் கண்ட சாஸ்திரம் இது.

போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரலாயிருந்த ஆஸ்மண்ட் டி சில்வாவுக்கும் அவர் மனைவி ஈனா டி சில்வாவுக்கும் பாவா கொழும்பில் ஒரு வீடு கட்டினார். 1960 முதல் 1962 வரை அந்த வேலை நடந்தது. அம்மையார் பழைய சிங்களக் குடும்பத்தில் பிறந்தவர். பிற்காலத்தில் பத்திக் துணி ஓவியத்தில் பேர் பெற்றவர். நகரத்து மனை சிறியது. நடுவில் மரம் நின்ற பெரிய முற்றம் ஒன்றை வைத்து, அதைச் சுற்றிலும் அறைகளையும் தாழ்வாரங்களையும் அமைத்தார். வீதிக்கு வீடு முதுகைக் காட்டியது. உள்ளேயோ வானம் தெரிந்தது. ஓடும் மரமும் கருங்கல்லும் வெள்ளைச் சுண்ணமும் தவிரப் பகட்டான பொருள் ஒன்றும் இல்லை. பழைய முறையில் பிறந்தும் அது பழைய வீடாக இல்லை. கொழும்பு நகரத்து மனையிலும் முற்றம் வைத்து வாழலாம் என்று அந்த வீடு நிரூபித்தது. பொலொந்தலாவையில் ஒரு தோட்டத் துரைமாருக்குக் கட்டிய பங்களாவில், மனையில் கிடந்த பெரும் பாறைகளை வெடி வைத்து அகற்றாமல், அவற்றையே சுவராகவும் தாங்கலாகவும் வைத்துக் கூரையை ஏற்றினார்கள். பாறை என்றால் ஜல்லி என்று மட்டும் எண்ணும் நமது ஜில்லாவில் இந்தச் செய்தியை உரக்கச் சொல்ல வேண்டும்.

சுதேசித் தத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வருஷங்களில் இலங்கையில் அந்நியச் செலாவணி அருகிப் போய், வெளிநாட்டுச் சாமான்கள் வருவது தடைப்பட்டது. கண்ணாடி இல்லை, இரும்பு இல்லை, மெருகிட்ட சாமான் எதுவும் இல்லை. மற்றவர்கள் புலம்பினார்கள். பாவா உள்ளூர்க் கொல்லனையும் தச்சனையும் குயவனையும் நெசவாளியையும் தேடிப் போனார். கூரை விஷயத்தில் ஒரு யுக்தி செய்தார். நாட்டு ஓடு அழகானது. ஆனால் பெருமழையில் ஒழுகும், குரங்கு ஓடினால் நகரும். சிமெண்டுக் கலவையால் செய்த நெளிதகடு ஒழுகாது. ஆனால் கண்ணுக்கு அசிங்கம், வெயிலில் அனல். தகட்டை அடியில் பரப்பி அதன் நெளிவுகளில் நாட்டு ஓட்டைப் படிய வைத்தார். தகடு மழையைத் தடுத்தது. ஓடு வெயிலைத் தடுத்தது. பழமைக்கும் புதுமைக்கும் சண்டை மூட்டிப் பத்திரிகையில் எழுதுவோர் இந்தக் கூரையைப் பார்த்துச் சமாதானம் கற்றுக்கொள்ளலாம்.

தமிழர்களாகிய நமக்கு இந்தச் சரித்திரத்தில் நேரடியான பங்கும் உண்டு. பிளெஸ்னர் விலகிய பிறகு, 1967 முதல் சுமார் இருபது வருஷ காலம் பாவாவின் கூட்டாளியாக இருந்தவர் டாக்டர் கே. பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியியலாளர். கலைஞன் கனவு கண்டால் அது நிற்குமா, விழுமா என்று கணக்குப் பார்ப்பவன் ஒருவன் வேண்டும். அந்தக் கணக்கை அவர் பார்த்தார். 1970-களில் பாவா நம் நாட்டிலும் வேலை செய்தார். சென்னை கன்னிமாரா ஹோட்டலைப் புதுப்பித்தார். மதுரையில் ஆலை உத்தியோகஸ்தர்களின் கிளப்புக்கு அவர் கட்டிய கட்டடம் இன்றும் ஹோட்டலாக நடந்து வருகிறது. மதுரைக் கருங்கல்லும் மதுரைக் கொத்தனார்களின் கைத்திறனும் அவர் மனத்தைக் கவர்ந்தன.

கொழும்பில் அவர் சொந்தமாக வாழ்ந்த வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 33-வது சந்தில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளைப் பத்து வருஷத்தில் ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கிய வீடு அது. அந்த வீட்டின் நீண்ட நடையில் நிற்கும் கடைசல் மரத்தூண்கள் செட்டிநாட்டிலிருந்து போனவை. நாம் இடித்துத் தள்ளிய வீட்டின் தூணை, கடல் கடந்து வந்து ஒருவர் விலை கொடுத்து வாங்கிப் போய்த் தம் வீட்டில் நட்டுக் கண்ணெதிரே வைத்துக்கொண்டார். அந்தத் தூண்கள் அங்கே பத்திரமாயிருப்பது பற்றி நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மகிழ்ச்சியில் வெட்கமும் கலந்திருக்கிறது.

அவருடைய பெரிய வேலை இலங்கைப் பார்லிமெண்டு கட்டடம். 1979-ல் அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது. கொழும்புக்கு அருகே பழைய ராஜதானியான கோட்டையில் சதுப்பு நிலத்தை ஏரியாக்கி, அதன் நடுவே தீவு போல் நின்ற மேட்டில், செப்புத் தகடு வேய்ந்த பெருங்கூரைகளோடு கட்டடத்தை எழுப்பினார். 1982 ஏப்ரல் 29-ந் தேதி அது திறக்கப்பட்டது. தண்ணீரின் மேல் மிதப்பது போன்ற அந்தக் கூரைகளைக் கண்டு உலகம் வியந்தது. கண்டி ராஜ்யத்துச் சபா மண்டபங்களின் சாயல் அவற்றில் உண்டு. சிங்களம், டச்சு, போர்த்துகீசு என்று கட்டட முறைகளைப் பிரிக்காமல், இலங்கை மண்ணில் வேர் விட்டவை அனைத்தும் இலங்கையின் சொத்து என்று கருதியவர் பாவா.

ஆனால் அந்தக் கட்டடம் எழும்பிய காலத்தை நாம் மறக்க முடியாது. அதன் சுவர்கள் உயர்ந்துகொண்டிருந்த 1981-ல்தான், மே 31-ந் தேதி இரவு, யாழ்ப்பாணம் பொது நூல் நிலையம் தீக்கிரையாயிற்று. சுமார் 97,000 புஸ்தகங்கள் சாம்பலாயின. புதிய சபையில் எதிர்க்கட்சித் தலைவராகப் போய் அமர்ந்தவர் அமிர்தலிங்கம். அவர் அங்கே அமர்ந்தது நீடிக்கவில்லை. 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. ஆகஸ்டில் அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தம் வந்தது. அதன்படி சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்த தமிழ்ப் பிரதிநிதிகள் அவ்வருஷமே ஆசனங்களை இழந்தார்கள். திறந்து இரண்டு வருஷம் ஆகுமுன் அந்த அழகிய கூரையின் கீழ் தமிழனின் பெருங்கட்சிக்கு இடம் இல்லாமற் போயிற்று. கட்டியவர்மீது இந்தக் குற்றத்தைச் சாட்டுவது நியாயமாகாது. அவர் எல்லோரும் இருக்கத்தக்க வீட்டைத்தான் கட்டிக் கொடுத்தார். வீட்டைக் கட்டுவது சிற்பியின் தொழில். குடும்பத்தைச் சேர்த்து வைப்பது வீட்டுக்காரனின் கடமை. அந்தக் கடமை தவறினால் செப்புக் கூரையும் வெறும் தகடுதான்.

பாவாவிடம் குறை இல்லை என்றும் நாம் சொல்ல வரவில்லை. அவர் தனவந்தராகப் பிறந்து தனவந்தராகவே வாழ்ந்தவர். ரோல்ஸ் ராய்ஸ் காரில் போய் வேலைத் தலங்களைப் பார்த்தவர். அவர் கட்டியவற்றில் பணக்காரர் வீடுகளும் உல்லாசப் பிரயாணிகளின் ஹோட்டல்களுமே பெரும்பகுதி. ஹன்வெல்லையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஏழைப் பெண்களின் விவசாயப் பள்ளியும், மாத்தறையில் மலைச்சரிவில் கட்டிய ருகுணு சர்வகலாசாலையும் பொது நன்மைக்கானவை. ஆனால் நூறு குடிசைக்காரர்களுக்கு நல்ல கூரை போடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டதில்லை. அந்த வேலையைச் செய்தவர் கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர். குறைந்த செலவில் செங்கல்லைக் கொண்டே ஏழைகளுக்கு வீடு கட்டியவர் அவர். பாவாவிடம் அழகையும் பேக்கரிடம் சிக்கனத்தையும் கற்கும் தேசமே உருப்படும்.

கடைசிப் பருவத்திலும் அவர் கை தளரவில்லை. தம்புள்ளைக்கு அருகே கண்டலமையில் குன்றை ஒட்டிப் பெரிய ஹோட்டல் ஒன்றைக் கட்ட முன்வந்தபோது, காடும் குளமும் கெடுமென்று கடும் கிளர்ச்சி நடந்தது. 1994-ல் கட்டடம் முடிந்தது. அதன் மீது கொடிகளும் செடிகளும் படர்ந்து கட்டடத்தையே மூடின. தூரத்திலிருந்து பார்த்தால் குன்று மட்டுமே தெரிகிறது. 1993-ல் இலங்கை சர்க்கார் தேசமான்ய விருது அளித்தது. 1998-ல் பக்கவாதம் தாக்கி அவருடைய பேச்சையும் நடமாட்டத்தையும் பறித்தது. 2001-ல் ஆகா கான் ஸ்தாபனம் கட்டடக் கலைக்கான தலைவரின் விசேஷ விருதை வழங்கியது. 2003 மே 27-ந் தேதி அவர் காலமானார். லுனுகங்கையில், சாடிக்கு அருகே, ஏரியைப் பார்த்த அந்த மேட்டிலேயே அவர் உடல் தகனமாயிற்று. சொத்துக்கு உரிமை கொண்டாட மனைவி மக்கள் இல்லை. தோட்டமும் வீடும் தர்ம ஸ்தாபனத்தின் பொறுப்பில் பொதுமக்களுக்கு உரியவையாயின.

அந்தத் தர்மகர்த்தாக்கள் செய்துவரும் வேலையே நாம் முதலில் குறிப்பிட்ட விழாவின் வேர். கொழும்பிலிருந்த ஈனா டி சில்வாவின் வீட்டு மனை வேறு உபயோகத்துக்குப் போகவே, வீட்டைப் பிரித்து, கல்லுக்கும் மரத்துக்கும் ஓட்டுக்கும் எண்ணிட்டு, லுனுகங்கைக்குக் கொண்டு போய் மறுபடியும் நிறுத்தினார்கள். அந்தப் பணி 2016-ல் முடிந்தது. நூற்றாண்டு வந்தபோது, உள்நாட்டு வெளிநாட்டுக் கலைஞர்களை அழைத்து, அந்தத் தோட்டத்துக்குக் காணிக்கையாகக் கலைப்படைப்புகளை அங்கேயே அமைக்கச் செய்தார்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமாவும் நம் நாட்டுப் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கும் அவர்களில் இருவர். நடுவில் கொள்ளை நோய் வந்து உலகத்தையே முடக்கியதால் விழா நீண்டது. 2022-ல் கொழும்பில் அவருடைய வரைபடங்களின் கண்காட்சி நடந்தது. 2023-ல் அதே கண்காட்சி டில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே, இலங்கையில் எழும் புதிய கட்டடங்களில் சிறந்ததற்கு அவர் பெயரால் விருது கொடுத்து வருகிறார்கள். இறந்தவருக்குச் செய்யும் மரியாதை இருப்பவனைத் திருத்த வேண்டும். அதற்கு இது நல்ல வழி.

இனி நம் சீமைக்கு வருவோம். கொல்லிமலைக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவே பரந்து கிடக்கும் இந்தப் பூமியில் கல்லுக்குக் குறைவில்லை, களிமண்ணுக்குக் குறைவில்லை, சுண்ணாம்புக்கும் பனைக்கும் வேம்புக்கும் குறைவில்லை. சித்திரை வெயிலுக்கும் குறைவில்லை. இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் நம் முன்னோர் தொட்டிக்கட்டு வீட்டைக் கண்டுபிடித்தார்கள். நடுவில் வானம் பார்த்த தொட்டி, நாற்புறமும் தாழ்வாரம், பனங்கை வைத்த ஓட்டுக் கூரை, வெளியே வழிப்போக்கனும் உட்காரத் திண்ணை. இன்று அவை ஊருக்கு ஊர் இடிகின்றன. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிப்பதில் தொட்டிக்கு நடுவே சுவர் எழும்புகிறது. அல்லது வீடே போய், தூணும் கதவும் வியாபாரிக்குப் போகின்றன. அந்த இடத்தில் தட்டைக் கூரையோடு சிமெண்டுப் பெட்டி நிற்கிறது. பகலெல்லாம் வெயில் குடித்து, இரவெல்லாம் அதை உள்ளே கக்குகிறது. பிறகு குளிர்சாதன யந்திரத்துக்குக் கடன் வாங்குகிறோம். கூரையால் வந்த நோய்க்கு மின்சாரத்தில் மருந்து தேடும் விபரீதம் இது.

சிமெண்டை வெறுக்கும்படி நாம் சொல்லவில்லை. சங்ககிரியில் சிமெண்டு ஆலையே இருக்கிறது. பாவாவும் சிமெண்டை வெறுத்தவரல்லர். முன்னோர் வீட்டில் வாழ எல்லோருக்கும் வசதி இல்லை என்பதும், தொட்டிக்கட்டு வீட்டுத் திண்ணையில் எல்லாச் சாதியாரும் சமமாக உட்கார முடிந்ததில்லை என்பதும் நமக்குத் தெரியும். அந்த அநீதி ஒழிய வேண்டியது, ஒழிந்து வருகிறது. ஆனால் அநீதியை ஒழிக்கும்போது நிழலையும் சேர்த்து ஒழிப்பானேன்? திண்ணையை எல்லோருக்கும் உரியதாக்குவதே சுயராஜ்யம். திண்ணையையே இடித்துவிடுவது சுயராஜ்யம் ஆகாது.

ஆகவே நாம் சில காரியங்களைச் சிபாரிசு செய்கிறோம். முதலாவது, இரு ஜில்லாக்களிலும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளையும் சாவடிகளையும் நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் அளந்து படம் வரையட்டும். பிளெஸ்னரும் அவர் நண்பர்களும் கையில் அளவுநாடாவோடு செய்ததை நம் பிள்ளைகள் செய்ய முடியாதா? இரண்டாவது, நகரசபைகளும் பஞ்சாயத்துகளும் இனிக் கட்டும் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் தாழ்வாரமும் முற்றமும் நீண்ட இறவாரமும் கட்டாயம் இருக்கட்டும். மூன்றாவது, சுண்ணாம்பு பூசவும் ஓடு வேயவும் தெரிந்த முதிய கொத்தனார்களிடமும் தச்சர்களிடமும் இளைஞர்கள் பயிலச் சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுக்கட்டும். அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டால் வரைபடம் இருந்தும் பயனில்லை. நான்காவது, நல்ல நிலையில் உள்ள வீட்டின் சொந்தக்காரர்கள் வருஷத்தில் ஒரு நாளாவது கதவைத் திறந்துவைத்து ஊர்ப் பிள்ளைகளை உள்ளே விடட்டும். தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடும், நாமக்கல்லில் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் வீடும் நினைவில்லங்களாகக் காக்கப்படுகின்றன. அங்கே போகிறவர்கள் சுவரிலுள்ள படங்களை மட்டும் பார்க்காமல், சுவரையும் கூரையையும் பார்க்கப் பழக வேண்டும்.

ஜெப்ரி பாவா மேடை ஏறித் தேசபக்தி பேசியவரல்லர். அந்நிய தேசத்தில் மாளிகை தேடி அலைந்தவர், சொந்த மண்ணில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு தோட்டத்தில் தம் வாழ்க்கையைக் கண்டெடுத்தார். அந்தத் தோட்டத்தைத் திருத்தப் போய்த் தாமும் திருந்தி, தம் தேசத்துக்கு அதன் பழைய முற்றத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் நூற்றாண்டைக் கொண்டாட நாம் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. நம் தெருவில் அடுத்து இடிய இருக்கும் வீட்டுக்குப் போனால் போதும். கடப்பாரை விழுவதற்கு முன் அங்கே போய்ச் சேர்வதுதான் முக்கியம்.